வானத்தின் கரிய இடங்கள்

நிலவில்லாத ஓர் இரவில் நகர விளக்குகளைவிட்டு விலகி நின்று ஆகாயகங்கையை நோக்குங்கள். ஆற்றின் நடுவே மணல்திட்டுகள் தோன்றுவதுபோல், அவ்வெண்மையின் நடுவே கரிய இடங்கள் சில தென்படும். அங்கு இருப்பது யாது? விடை காண ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் ஹெர்ஷெல் விருச்சிக ராசியில் அத்தகைய இடமொன்றைக் கண்டு, விண்மீனற்ற வெற்றிடம், வானத்தின் துளை என்றே கருதினார். அக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது.

அமெரிக்கரான எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் வறுமையில் பிறந்து, சிறுவயதிலேயே புகைப்பட நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்குக் கற்ற தொழிலே பின்னர் வானத்தைப் படம்பிடிக்க அவருக்குக் கைகொடுத்தது. அவரும் தொடக்கத்தில் அவ்விடங்களைத் துளைகள் என்றே எண்ணினார். 1913ஆம் ஆண்டுக் கோடையில் ஓரிரவு, தனுசு ராசியின் விண்மீன் திரளுக்கு முன்னே நம் பூமியின் சிறு மேகங்கள் மிதக்கக் கண்டார். ஒளிமிக்க பின்னணியில் அவை மைத்துளிகளாய்க் கறுத்திருந்தன. தம் படங்களிலுள்ள கரிய இடங்களும் அவ்வாறே இருந்தமை அவருக்குப் புலப்பட்டது. 1919இல் அத்தகைய 182 இடங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அவற்றுட் பல ஒளியை மறைக்கும் பொருளே என்றும் ஒப்புக்கொண்டார். பல்லாண்டு பேணிய கருத்தைத் தாமே கைவிடுதல் எளிதன்று.

மறைக்கும் அப்பொருள் யாது? 1951இல், ஹைட்ரஜன் அணுக்கள் விடுக்கும் 21 சென்டிமீட்டர் வானொலி அலை பிடிபட்டது. அதன் துணையால் நம் விண்மீன் மண்டலத்தின் சுருள் கரங்களை வரையலாயினர். ஆனால், அடர்ந்த கரிய மேகங்களுள் ஹைட்ரஜன் அணுக்கள் தூசித் துகள்களின்மேல் இரண்டிரண்டாய் இணைந்து மூலக்கூறுகளாகின்றன. சுழிக்குக் கீழே 260 பாகையையும் கடந்த குளிரில் அவை மௌனமாகிவிடுகின்றன. 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகிய மூவரும் மிருகசீரிடத்தை அடுத்த ஓரியன் நெபுலாவில் கார்பன் மோனாக்சைடின் 2.6 மில்லிமீட்டர் அலையைக் கண்டனர். ஹைட்ரஜனோடு கலந்து நிற்கும் இவ்வாயுவே அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது.

1845இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு முதன்முதலாகச் சுருள் வடிவம் கண்ட அண்டத்தை இன்று அதே அலையால் ஆராய்கின்றனர். மூலக்கூறு மேகங்கள் அதன் கரங்களை ஒட்டியே திரண்டு நிற்கின்றன. தம் ஈர்ப்பால் அவை சுருங்க, உள்ளே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன.

ஒன்றுமில்லை என்று முன்னோர் ஒதுக்கிய இடமே விண்மீன்களின் கருவறையாயிற்று. இனி ஆகாயகங்கையைக் காணும்போது, ஒளியோடு அதன் இருளையும் சற்றே நோக்குவோமாக.