நூற்றுக்குப் பதினெட்டு: நார்மன் ஆப்ராம்சனின் அலோஹா ஆய்வு

1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கணினி மாநாடு ஒன்றில், ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சன் ஒரு கட்டுரையை அளித்தார். கம்பியின்றி, வானொலி அலைகள் வழியே கணினிகளை இணைக்கும் வலையமைப்பொன்றை அது முன்மொழிந்தது. அந்த வலையமைப்பு தனக்குரிய அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சமாக ஆறில் ஒரு பங்கைச் சற்றே கடந்த அளவை, அதாவது 18.4 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்த இயலும் என்பதையும் அக்கட்டுரையே கணக்கிட்டுக் காட்டியது. இன்றைய வைஃபை முதல் செல்பேசி வரை பல தொழில்நுட்பங்களின் முன்னோடி இந்தச் சிறிய எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

1932இல் பாஸ்டனில் பிறந்த ஆப்ராம்சன், ஹார்வர்டில் இயற்பியல் பயின்று, 1958இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அவரது துறை தகவல் கோட்பாடு. தகவல் கோட்பாடும் குறியீட்டு முறையும் பற்றி 1963இல் அவர் பாடநூலொன்றை வெளியிட்டார். ஓர் அலைவரிசையில் அதிகபட்சம் எவ்வளவு செய்தியை அனுப்ப முடியும் என்பதே அத்துறையின் மையக் கேள்வி. அதில் ஊறிய ஒருவர், கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கைக் கைவிடும் முறையை முன்வைத்தார் என்பது வியப்புக்குரியது. அவர் ஹவாய்க்குச் சென்றதற்கு அலைச்சறுக்கின் மீதிருந்த ஈடுபாடும் ஒரு காரணம் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. ஆனால் அவருடைய ஆய்வுக் கேள்வியை வடிவமைத்தது அந்தத் தீவுகளின் நிலவியலே.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஹொனலூலுவுக்கு அருகே மனோவா வளாகத்தில் இருந்தது. கல்லூரிகளோ ஓவாஹு, கவாய், மாவி, ஹவாய் ஆகிய தீவுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை இணைக்கத் தொலைபேசிக் கம்பியே அன்றைய வழி. தொலைபேசி இணைப்பு, பேச்சு முடியும்வரை இருவருக்கு மட்டுமே உரியது. கணினி முனையத்தில் அமர்ந்திருப்பவரோ ஒரு வரியைத் தட்டச்சு செய்கிறார். பின் நெடுநேரம் யோசிக்கிறார். அவருக்கென ஒதுக்கப்பட்ட கம்பி பெரும்பாலான நேரம் மௌனமாகவே கிடக்கிறது.

ஆப்ராம்சனின் தீர்வு எளிமையானது. எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையைப் பகிரட்டும்; அனுப்ப வேண்டியது இருப்பவர், எவரிடமும் அனுமதி கேளாமல், ஒரு சிறு தரவுப் பொதியாக அனுப்பட்டும். இரண்டு பொதிகள் ஒரே நேரத்தில் சென்றால் மோதிச் சிதையும். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் சற்றுக் காத்திருந்து மீண்டும் அனுப்புவார். அந்தக் காத்திருப்பின் அளவு தற்செயலாக அமைய வேண்டும்; இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மீண்டும் மோதுவார்கள்.

இனி கணக்கு. ஒரு பொதி தப்பிப் பிழைக்க, அதன் நீளத்தைப் போல் இருமடங்கு கால இடைவெளியில் வேறெந்தப் பொதியும் புறப்படக் கூடாது. இந்த நிபந்தனையிலிருந்துதான் 18.4 என்ற உச்ச வரம்பு கிடைக்கிறது. ஆப்ராம்சன் அந்த எண்ணோடு நிற்கவில்லை. ஒரு பொதியின் நீளம் 34 மில்லிநொடி, ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு ஒரு பொதி அனுப்புகிறார் என்று கொண்டால், ஒரே அலைவரிசை 324 பேரைத் தாங்கும் என்று காட்டினார். வீணாவது எவ்வளவு என்பதை மறைக்காமல் எழுதி, அந்த வீணுக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதையும் அருகிலேயே எழுதியதுதான் அக்கட்டுரையின் வலிமை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா நிறுவன நிதியுதவியோடு, ஃபிராங்க்ளின் குவோ, ரிச்சர்ட் பைண்டர் முதலிய சக ஆய்வாளர்களின் உழைப்பில், 1971 ஜூனில் அலோஹா வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. மனோவாவில் பொதிகளைப் பெற்றுப் பங்கிட்ட கணினிக்கு, ஹவாய்த் தொன்மக் கதைகளில் வரும் குள்ள உருவக் கைவினைஞர்களின் பெயரான 'மெனெஹுனே' சூட்டப்பட்டது. 1972 இறுதியில் செயற்கைக்கோள் வழியாக அது ஆர்பாநெட்டோடு இணைந்தது.

அக்கட்டுரையின் குறைகளிலிருந்தே அடுத்த ஆய்வுகள் பிறந்தன. காலத்தைச் சம துண்டுகளாக வகுத்து, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பினால் உச்ச அளவு 36.8 விழுக்காடாக இரட்டிப்பாகும் என்று 1972இல் லாரி ராபர்ட்ஸ் காட்டினார். ராபர்ட் மெட்காஃபின் முனைவர் ஆய்வேட்டை ஹார்வர்ட் ஏற்க மறுத்திருந்த காலத்தில், ஆப்ராம்சனின் கட்டுரை அவர் கைக்கு வந்தது. பதில் வராத பயனர் மேலும் மேலும் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார் என்ற அதன் அனுமானம் அவருக்கு உவப்பாக இல்லை. மனிதர்கள் பதிலுக்குக் காத்திருப்பார்கள் அல்லவா? அந்த மாற்றத்தோடு அவர் செய்த பகுப்பாய்வு ஆய்வேட்டில் இடம்பெற்றது; 1973இல் பட்டமும் கிடைத்தது. அதே ஆண்டு ஜெராக்ஸ் ஆய்வகத்தில் அவர் வடிவமைத்த ஈதர்நெட்டுக்கு முதலில் வழங்கிய பெயர் 'ஆல்டோ அலோஹா வலையமைப்பு'. 1975இல் கிளைன்ராக்கும் டொபாகியும், அனுப்புமுன் அலைவரிசையைச் செவிமடுக்கும் முறையை ஆராய்ந்து வெளியிட்டனர். இன்றைய வைஃபை அந்த வழியில் வந்ததே.

அலோஹா குழு காப்புரிமை எதையும் கோரவில்லை. முறையையும் அதன் வரம்பையும் ஆய்விதழ்களில் வெளியிட்டது. மறுத்து எழுதுவதற்கும் திருத்தி எழுதுவதற்கும் எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. ஓர் ஆய்வாளரின் வாழ்வை அவர் எட்டிய உச்ச எண்ணால் அளப்பது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த அளவுகோலில் 18.4 தேறாது. பிறர் தொடர்ந்து நடப்பதற்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் அளவுகோலில்தான் ஆப்ராம்சனின் இடம் புலப்படும்.

2007இல் மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ அவருக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் பதக்கத்தை வழங்கியது. 2020 டிசம்பரில் அவர் காலமானார். நம் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வில்லை வாசிக்கப்படும்போது, பல வில்லைகள் ஒரே நேரத்தில் பதிலளித்துக் குழப்பாமல் காப்பது, காலத்தைத் துண்டுகளாக்கிய அதே அலோஹா முறையின் ஒரு வடிவமே.