பெயரையும் மொழியையும் விட்டுக்கொடுக்காத ரொபர்ட்டோ கிளெமெண்டே



பேஸ்பால் என்றதும், “டீச்சர், அது அமெரிக்காக்காரங்க விளையாட்டாச்சே!” என்பார்கள் நம் பிள்ளைகள். உண்மைதான். ஆனால் அந்த விளையாட்டின் வரலாற்றில், பெயருக்காகவும் தாய்மொழிக்காகவும் தலைநிமிர்ந்து நின்ற ஒருவர் இருக்கிறார்.

ரொபர்ட்டோ கிளெமெண்டே 1934இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் கரோலினா நகரில் பிறந்தார். 1955இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக ஆடத் தொடங்கினார். கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசுபவர் என்று அவருக்கு இரட்டைத் தடை. புளோரிடா பயிற்சிக் காலத்தில், வெள்ளையர் உணவகங்களுக்குள் கறுப்பின ஆட்டக்காரர்கள் நுழைய முடியாது. அவர் பேசிய ஆங்கிலத்தைச் சில பத்திரிகைகள் உச்சரிப்புப் பிழையோடு அப்படியே அச்சிட்டுக் கேலி செய்தன. ‘ரொபர்ட்டோ’வைப் ‘பாப்’ என்றும் சுருக்கிவிட்டார்கள். ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளிலும் பல ஆண்டுகள் அதே பெயர்தான்!

கிளெமெண்டே இதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை, எதிர்த்துப் பேசினார். களத்திலும் சாதித்தார். நான்கு முறை சிறந்த மட்டையாளர் பட்டம், தொடர்ந்து 12 ஆண்டுகள் தங்கக் கையுறை விருது, 1966இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1971இல் பைரேட்ஸ் உலகத் தொடரை வென்றபோது, தொலைக்காட்சிக் கேமரா முன் அவர் முதலில் ஸ்பானிய மொழியில் தம் பெற்றோரிடம் ஆசி கேட்டார். நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது!

1972 செப்டம்பர் 30இல் தமது 3,000ஆவது ஹிட்டை எட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் நிக்கராகுவாவின் மனாகுவா நகரைப் பூகம்பம் தாக்கியது. அனுப்பிய உதவிப் பொருள்கள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை எனக் கேள்விப்பட்டு, தாமே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டார். டிசம்பர் 31 இரவு, விமானம் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 38. உடல் கிடைக்கவே இல்லை.

புகழ் மண்டபத்தில் இடம்பெற ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவருக்காக அதைத் தளர்த்தி, 1973இலேயே சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்க ஆட்டக்காரர்களில் அவரே முதல்வர். சமூகத் தொண்டு புரியும் ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தரப்படும் விருது இன்று அவர் பெயரையே தாங்குகிறது.

ஆனால் பாருங்கள், அந்த மண்டபத்தின் நினைவுப் பலகையிலும் பெயர் தவறியது. ஸ்பானிய வழக்கில் தந்தை வழிப் பெயர் முன்னால், தாய் வழிப் பெயர் பின்னால் வரும். பலகையில் அது மாறியிருந்தது. 2000ஆம் ஆண்டில்தான் ‘ரொபர்ட்டோ கிளெமெண்டே வாக்கர்’ எனத் திருத்தினார்கள்.

மாணவர்களே, ‘நான் போற்றும் விளையாட்டாளர்’ என்று கட்டுரை எழுதும்போது எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். ஆசிரியர்களே, நாமும் நாளை வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் முழுதாக, சரியாக உச்சரிப்போமே!