‘இல்லை’ பிறந்த கதை

“கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன் தம்பி. இதுல எது எனக்கு ஆகும்னு படிச்சுச் சொல்லுப்பா.”

சூப்பர் மார்க்கெட்டில் என்னை நிறுத்தியவர் எங்கள் தெருப் பெரியம்மா. ஒரு கையில் பழம் கலந்த தயிர் டப்பா, அதன் முகப்பில் ‘ஃபேட் ஃப்ரீ’. இன்னொரு கையில் பிஸ்கட் பாக்கெட், அதில் ‘சுகர் ஃப்ரீ’. அவருக்குச் சுகர் வந்து பத்து வருடமாகிறது. போன மாத ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ராலும் கூடியிருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். கொழுப்பு இல்லை என்கிறது ஒன்று, சர்க்கரை இல்லை என்கிறது மற்றது. இரண்டுமே அவருக்காகவே செய்தது போல இருந்தது.

பிஸ்கட்டைத் திருப்பிப் படித்தேன். சர்க்கரை இல்லை என்பது உண்மைதான். நம் நாட்டு விதிப்படி 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அப்படி எழுத முடியாது. ஆனால் சேர்மானப் பட்டியலில் முதலில் மைதா. அடுத்தது பாமாயில். பிறகு மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். மைதா வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸாகத்தான் மாறும். மால்டிட்டாலும் சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும். இதையெல்லாம் கடையில் நின்று எப்படிச் சொல்வது? அதனால் இந்த இரண்டு ‘இல்லை’களும் எங்கே பிறந்தன என்பதை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

மூத்தது ‘சர்க்கரை இல்லை’. 1879-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தது. கான்ஸ்டன்டைன் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் அந்த ஊருக்கு வந்ததே சர்க்கரையின் தரத்தைச் சோதிக்கத்தான். சர்க்கரை இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்று அவரை அமர்த்தியிருந்தது. அந்த வேலை முடிந்ததும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரா ரெம்சனின் ஆய்வகத்தில் நிலக்கரித் தாரிலிருந்து வரும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் வேலை மும்முரத்தில் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. வாயைத் துடைத்த துணி அதைவிட இனித்தது. விரலை நக்கிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டைப் போட்டது போட்டபடி ஆய்வகத்துக்கு ஓடி, மேசைமேல் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். அதில் ஒன்றிலாவது விஷம் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கிடைத்தது சாக்கரின். சர்க்கரையைவிட முந்நூறு மடங்குக்கும் மேல் இனிப்பு, உடலுக்குச் சேரும் சக்தியோ ஒன்றுமில்லை. நம் ஊர் குச்சி ஐஸைப் பற்றிப் பெரியவர்கள் நம்மை எச்சரிப்பார்களே, அதே சாக்கரின்தான்.

காப்புரிமையை ஃபால்பெர்க் தன் பேரில் மட்டும் வாங்கிக்கொண்டார். ரெம்சனுக்கு அந்த மனக்கசப்பு கடைசிவரை ஆறவில்லை. ஆனால் எனக்கு நினைவுக்கு வருகிறவர்கள் அன்றைய நீரிழிவு நோயாளிகள். இன்சுலின் கண்டறியப்பட்டதே 1921-இல்தான். அதுவரை அவர்களுக்கு வாயைக் கட்டுவதைத் தவிர வழியில்லை. ஒரு வாய் இனிப்பான காபி அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! ‘சர்க்கரை இல்லை’ என்ற சொல்லுக்கு அப்போது நோயாளியின் முகம் இருந்தது. முதல் உலகப்போரில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் சாக்கரின் எல்லார் வீட்டுக்கும் போனது.

இளையதான ‘கொழுப்பு இல்லை’ பயத்தில் பிறந்தது. 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. ஜனாதிபதிக்கே இந்த நிலை என்றதும் அந்த நாடே தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. நிறைவுற்ற கொழுப்புதான் காரணம் என்றார் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன்சல் கீஸ். சர்க்கரையையும் பாருங்கள் என்றார் லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியின் ஜான் யுட்கின். 1972-இல் அதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். கீஸ் சொன்னது பொய்யல்ல. நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் என்பது இன்றும் நிற்கிறது. ஆனால் யுட்கினின் குரல் எடுபடவில்லை. அந்தப் புத்தகத்துக்கு முன்பே, 1965-இல், அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் அமைப்பு ஒன்று ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்து, பழியைக் கொழுப்பின் பக்கம் திருப்பும் கட்டுரையை எழுதவைத்தது. 1967-இல் வெளியான அந்தக் கட்டுரையில் பணம் வந்த வழி சொல்லப்படவில்லை. அன்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து கிறிஸ்டின் கேர்ன்ஸ் என்ற பல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2016-இல் எழுதியபோதுதான் உலகம் அறிந்தது. அரை நூற்றாண்டு! படித்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, இன்றும் அடங்கவில்லை.

1977-இல் அமெரிக்க செனட் குழு ஒன்று மக்களுக்கு உணவு இலக்குகளை வகுத்தது. கொழுப்பைக் குறை, சர்க்கரையையும் குறை என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. கடைகளுக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும்தான். கொழுப்பு குறைந்த பொருள்களை ஐயாயிரமாகப் பெருக்க வேண்டும் என்று 1990-இல் அரசே இலக்கு வைத்தது. 1992-இல் ஸ்னாக்வெல்ஸ் என்ற கொழுப்பில்லாத பிஸ்கட் வந்தபோது கடைகளில் இருப்பு வைத்து மாளவில்லை. கொழுப்புதான் இல்லையே என்று மக்கள் பெட்டி பெட்டியாகத் தின்றார்கள்.

அடுப்படியில் நிற்பவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும். நெய் பிஸ்கட் ஏன் வாயில் வைத்ததும் உதிர்கிறது? நெய் மாவைப் பூசிக்கொண்டு, அது இழுபட்டு இறுகாமல் தடுக்கிறது. நெய்யை எடுத்துவிட்டால் பிஸ்கட் ஓடாகிவிடும், மணமும் போய்விடும். அதைத் திரும்ப மென்மையாக்க ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள் வேண்டும். சர்க்கரை அதைச் செய்யும். சர்க்கரையை எடுத்தாலும் இதே சிக்கல்தான். இனிப்புக்கு ஒரு சிட்டிகை ரசாயனம் போதும், ஆனால் அரைக் கிண்ணம் சர்க்கரை பிடித்திருந்த இடத்தைச் சிட்டிகை நிரப்பாது. அங்கே மாவும் மால்டிட்டாலும் எண்ணெயும் வந்து உட்காரும்.

அப்படிச் சிட்டிகையில் இனிக்கும் இன்னொரு ரசாயனமான சுக்ரலோஸ், யுட்கின் பாடம் நடத்திய அதே கல்லூரியில்தான் 1976-இல் கிடைத்தது. அந்த ஆய்வில் பங்கெடுத்தது டேட் அண்ட் லைல் என்ற சர்க்கரை நிறுவனம். சஷிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய மாணவரிடம் பொருளைச் சோதிக்கச் சொன்னார்கள். ‘டெஸ்ட்’ என்றது அவர் காதில் ‘டேஸ்ட்’ என்று விழ, நாக்கில் வைத்துவிட்டார் என்பார்கள். சர்க்கரையைவிட அறுநூறு மடங்கு இனிப்பு.

பெரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்த தட்டிலேயே திரும்ப வைத்தார். தயிர் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்து இருக்கும் பக்கத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

“சரி, இதுல கொழுப்பை எடுத்துட்டு அந்த இடத்துல என்னத்தைப் போட்டிருக்கான்? அதைப் படி.”

ஆடை நீக்கிய பால் என்று முதலில் இருந்தது. அதற்கு அடுத்த சொல், சர்க்கரை.