விடுமுறைப் பயிற்சி முகாம்: பிள்ளையை அனுப்ப முன் கேட்க வேண்டியவை

தவணை விடுமுறை நெருங்கும்போது, உடற்கல்வி ஆசிரியரான என்னிடம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "சேர், எந்த முகாம் நல்லது?" மைதானத்தின் பெயரையும் சான்றிதழையும் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. பிள்ளை காயப்பட்டால் யார் பார்ப்பார், பிள்ளைக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் சொல்லும் என்பதையே முதலில் விசாரிக்கச் சொல்கிறேன்.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ். மத்திய கல்லூரி மாணவர். கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகளைப் புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரன், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவி. இருவரும் பாடசாலை மைதானத்தில் இருந்து வளர்ந்தவர்கள். ஒரு வார முகாம் ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சிக்கு ஈடாகாது. ஆகவே, கடன்பட்டு அனுப்பவேண்டிய முகாம் என்று எதுவும் இல்லை.

பயிற்றுநரும் மைதானமும்

பயிற்றுநர் உங்கள் பிள்ளையின் விளையாட்டிலேயே தகைமை பெற்றவரா, ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். உயரம் பாய்தலுக்கும் கோலூன்றிப் பாய்தலுக்கும் தரமான மெத்தை இல்லாத இடத்துக்கு அனுப்ப வேண்டாம். நெடுந்தூர ஓட்டக்காரர் எந்தப் பாதையில் ஓடுவார் என்பதையும் அறியுங்கள். கண்ணிவெடி அகற்றல் முடியாத இடங்கள் வடக்கில் இன்னும் உள்ளன.

வெயிலும் காயமும்

ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் கடும் பயிற்சி காலையிலும் மாலையிலும் மட்டுமே நடக்கவேண்டும். உடல் வெயிலுக்குப் பழக ஒன்று தொடக்கம் இரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாளே முழு வேகத்தில் ஓடவிடும் முகாம் ஆபத்தானது. வெயிலில் பிள்ளை தடுமாறினால், குழம்பிப் பேசினால், உடனே நிழலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றி உடலைக் குளிர்விக்கவேண்டும். அதேவேளை 1990 அம்புலன்ஸையும் அழைக்கவேண்டும். இது அங்குள்ளவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் பலர் நோவைச் சொல்லமாட்டார்கள். பெரிய இழப்புகளைக் கண்ட வீட்டில் தன் கால் நோ ஒரு பொருட்டா என்று நினைப்பார்கள். "நோ இருந்தால் நிறுத்து, யாரும் ஏசமாட்டார்கள்" என்று அனுப்ப முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பு

தங்கி இருந்து பயிலும் முகாம் என்றால், பெண் பிள்ளைகளோடு இரவில் பொறுப்பான பெண் ஒருவர் தங்கவேண்டும். பிள்ளை தினமும் வீட்டுக்குக் கதைக்க அனுமதி இருக்கவேண்டும். பயிற்றுநர் தனியறைக்கு அழைப்பது, இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்புவது தவறு என்பதைப் பிள்ளைக்கு விளக்குங்கள். முறையிட, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

சத்து மா, மாத்திரை, ஊசி எது கொடுத்தாலும் உங்களைக் கேட்காமல் எடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால் பொறுப்பு வீரருடையதே. மாணவர் என்பதால் அந்த விதி விலகாது.

இலவச முகாம்

புலம்பெயர் உறவுகளின் உதவியில் நடக்கும் இலவச முகாம்கள் பயனுள்ளவை. ஆனால் தகப்பனை இழந்த பிள்ளை, முகாமில் வளர்ந்த பிள்ளை என்று படம் பிடித்து நிதி சேர்ப்பதற்கு நீங்கள் சம்மதிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. படிவத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் வெட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதற்காக இடம் தரமறுத்தால், அந்த முகாம் வேண்டாம். வெளிநாட்டுக் கழகத்தில் சேர்ப்பதாகச் சொல்லிக் காசோ கடவுச்சீட்டோ கேட்பவரிடமும் எதையும் கொடுக்காதீர்கள்.

தனியே பிள்ளை வளர்க்கும் அம்மாமார் இவற்றைக் கேட்கத் தயங்குவதைக் காண்கிறேன். தயங்கவேண்டாம். நல்ல பயிற்றுநர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.