மிளகுக்கு வந்த காய்

'மிளகாய்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மிளகு + காய். அவ்வளவுதான். மிளகு மாதிரியே எரிக்கிற காய் ஒன்று கப்பலில் வந்து இறங்கியபோது நம்மாட்கள் புதுப்பெயர் தேடி மெனக்கெடவில்லை. கையில் இருந்த பெயரோடு ஒரு 'காய்' ஒட்டி வேலையை முடித்துவிட்டார்கள். தெலுங்கின் மிரப்பகாய, கன்னடத்தின் மெணசினகாயி எல்லாம் இதே கதைதான். நான் இருக்கும் புனேயில் மிளகு 'மிரே', மிளகாய் 'மிர்ச்சி'. மலையாளத்தில்தான் பெரிய கூத்து. வந்தது 'முளகு' என்ற பெயரையே எடுத்துக்கொண்டது, சொந்த மண்ணின் மிளகு 'குருமுளகு' ஆகிவிட்டது. எங்கள் வங்கிப் பாஷையில் சொன்னால், வாங்கின கம்பெனியின் பெயர்ப்பலகையையும் சேர்த்து மாட்டிக்கொண்ட கதை :-)

பி.காம். படித்தவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு நிரந்தர வழக்கு ஓடுகிறது. குடியிருப்பு கோந்த்வாவில், என்.ஐ.பி.எம். ரோட்டுப் பக்கம். அம்மா பரமக்குடிக்காரர். அவருக்கு மிளகாய் என்றால் ராமநாதபுரம் முண்டுதான் (குண்டு குண்டாக, தடித்த தோலோடு இருக்குமே, அதேதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது). இங்கே கடையில் அதிகம் கிடைப்பது ப்யாட்கி. சுருக்கம் விழுந்த நீள மிளகாய், நிறம் அள்ளும், காரம் கம்மி. அதையாவது முணுமுணுத்துக்கொண்டே சேர்த்துக்கொள்வார். பச்சை மிளகாயை வாட்டி இடித்த மராட்டிய டேச்சாவும், பீட்சா மேல் வரும் ஹாலப்பினோவும், குடைமிளகாயும் மட்டும் ஆகவே ஆகாது. அடுப்பில் குடைமிளகாய் வதங்கினால் பால்கனிக்குப் போய்விடுவார்.

புனேயிலேயே பிறந்து வளர்ந்த என் பெண்ணுக்கு இவை மூன்றும் உயிர். "பாட்டிக்கு வயசாச்சு, காரம் தாங்கலை" என்பது அவள் வாதம். "காரமாடி பிரச்சினை? பச்சை நாத்தம்டி அது!" என்பது அம்மாவின் எதிர்வாதம். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் பழைய கணக்கு. சங்கப் பாடல்களில் மிளகுக்குக் 'கறி' என்றும் பெயர். யவனர் முசிறிக்கு வந்தது அதற்காகத்தான். 1492-ல் கொலம்பஸ் கிளம்பியதும் அதே மிளகு கிடைக்கும் இந்தியாவைத் தேடித்தான். அவர் போய்ச் சேர்ந்த கரீபியன் தீவுகளில் மிளகு இல்லை, மிளகாய் இருந்தது. மிளகைவிட இது மேல் என்று நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார், 1510-ல் கோவா போர்த்துகீசியர் கைக்குப் போனது. மிளகாய் இந்த வழியாகத்தான் நுழைந்தது. பம்பாய்ப் பக்கம் அதற்கு 'கோவாய் மிர்ச்சி' என்றே ஒரு பழைய பெயர் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட அயினி அக்பரியில் அரண்மனைச் சமையல் பட்டியல் இருக்கிறது. மிளகு, இஞ்சி, கிராம்பு எல்லாம் உண்டு. மிளகாய் கிடையாது. நாம் 'பாரம்பரியக் காரம்' என்று மார்தட்டுவதற்கு வயது அதிகபட்சம் ஐந்நூறு வருஷம்.

வந்ததை எல்லோரும் வரவேற்கவும் இல்லை. பூரி ஜகந்நாதர் மகாபிரசாதத்தில் இன்றும் மிளகாய், உருளை, தக்காளி சேர்ப்பதில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்குதான். திவசச் சமையலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அப்பா திவசத்தன்று வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், எல்லாவற்றுக்கும் மிளகும் சீரகமும். அப்பாவோ மோர்மிளகாய் இல்லாமல் தயிர்சாதத்தைத் தொடாத மனுஷர். "தாத்தாவுக்குப் பிடிச்சதைத்தானே போடணும்?" என்று பெண் ஒரு தடவை கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மதியம் ஒரு கிண்ணம் மோர்மிளகாய் வறுபட்டது. சாஸ்திரத்தில் இடமில்லாததற்கு அம்மா காலண்டரில் இடம் கண்டுபிடித்துவிட்டார்.

கோயிலும் திவசமும் கதவைச் சாத்தியும் மிளகாய் எப்படி ஜெயித்தது? என் பார்வையில் இது முழுக்க விலைக் கணக்கு. மிளகுக்கொடிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையும் நிழலும் வேண்டும். ராமநாதபுரத்துக் கரிசலில் அது சாத்தியமே இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மிளகாய் அந்த வறண்ட மண்ணிலேயே ஒரு பருவத்தில் காய்த்துக் கொட்டும், கொல்லையில் நாலு செடி நட்டால் வீட்டுக்குப் போதும். கூழுக்கும் கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ள அதைவிட மலிவாக என்ன இருக்கிறது? மிளகு வாங்க வசதி இருந்தவர்களால்தான் மிளகாயைப் பார்த்து முகம் சுளிக்க முடிந்தது.

இனி தீர்ப்புக்கு வருவோம். மிளகாயின் எரிச்சல் சத்தை 1816-லேயே புக்ஹோல்ஸ் பிரித்தெடுத்தார். 1876-ல் த்ரெஷ் அதற்குக் காப்சைசின் என்று பெயர் வைத்தார். அது நாக்கில் என்ன செய்கிறது என்று 1997-ல் காட்டியவர் டேவிட் ஜூலியஸ், 2021-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். நரம்பு நுனியில் சூட்டை உணரும் ஒரு கதவு இருக்கிறது. சுமார் 43 டிகிரி சூடு பட்டால் திறக்கும். காப்சைசின் பட்டாலும் திறக்கும். அதனால்தான் ஆறிப்போன சட்னியும் சுடுகிறது. காரம் என்பது ருசியே இல்லை, சூடு என்ற பொய்த்தகவல்!

சுவாரசியம் என்னவென்றால் மிளகில் உள்ள பைப்பரினும் இதே கதவைத்தான் தட்டுகிறது, கொஞ்சம் மெதுவாக. மிளகு ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடிக்கும் அம்மாவுக்குக் 'காரம் ஆகாது' என்ற வாதம் அங்கேயே தள்ளுபடி.

அப்படியானால் அந்த நாற்றம்? 1969-ல் கலிபோர்னியாவில் பட்டரி குழுவினர் குடைமிளகாயிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். மெத்தாக்சிபைரசின் வகை. தண்ணீரில் ஒரு லட்சம் கோடியில் இரண்டே பங்கு இருந்தாலும் மனித மூக்கு பிடித்துவிடும். ஒரு லட்சம் கோடி ரூபாய்க் கணக்கில் இரண்டு ரூபாய் இடிப்பதைக் கண்டுபிடிக்கிற ஆடிட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஹாலப்பினோ போன்ற பச்சைக் காய்களிலும் இது உண்டு. காய் பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். செடியிலேயே பழுத்து, வெயிலில் காய்ந்த முண்டு வற்றலையே சிறுவயதிலிருந்து மோந்து பழகிய மூக்குக்கு அந்தப் பச்சை வாடை அந்நியமாகத்தானே இருக்கும்? போதாக்குறைக்கு, காப்சைசின் சிலர் நாக்குக்கு எரிச்சலோடு கசக்கவும் செய்கிறதாம். ஆக, வழக்கு அம்மா பக்கம். பெண் மேல்முறையீடு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

கொசுறு: வடகிழக்கின் பூத் ஜொலோக்கியாவும் ஹபனேரோவும் வேறு வம்சம், பழவாசனை அடிக்கும். அந்த வாசனைக்காகவே அவற்றை ஒதுக்குகிறவர்களும் உண்டு. அந்த இனத்துக்கு 1776-ல் ஜாக்வின் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் 'சைனென்ஸ்', அதாவது சீனத்துக்காரன். சீனாவிலிருந்து வந்தது என்று நினைத்துவிட்டார். அது கிளம்பிய இடமோ அமேசான் பக்கம். பெயர் இன்றுவரை மாறவில்லை.