சவரத் தூரிகையில் பூஞ்சை: தூக்கி எறியும் முன் செய்ய வேண்டியவை

பால் மரம் வெட்டிய காலத்தில், பெரட்டுக்குப் போகுமுன் முகம் மழித்துக்கொள்ளும் வழக்கமுள்ள தோட்டத்து வீடுகளில் ஒரு தகரக் குவளையும் உரோமத் தூரிகையும் கட்டாயம் இருக்கும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் சிரம்பான், நீலாய், பகாவ், போர்ட்டிக்சன் பக்கம் குடியேறியபோது அப்பா, தாத்தா பயன்படுத்திய தூரிகையும் சில வீடுகளுக்குக் கூடவே வந்தது. புதிய வீட்டில் சில மாதங்களிலேயே அதன் அடியில் கரும்புள்ளி விழுந்து, மக்கல் வாடை அடிக்கத் தொடங்குவதும் உண்டு. பொருள் பழசாகிவிட்டது என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் தூரிகையில் இல்லை. அது மாட்டியிருந்த இடம்தான் மாறிவிட்டது.

லயத்து வீட்டில் முகம் கழுவுவது குழாயடியிலோ வீட்டுக்கு வெளியே இருந்த குளியல் மறைப்பிலோதான். தூரிகை ஆணியில் தொங்கும், காற்று அடிக்கும், காலை வெயில் படும். மலிவுவிலை வீட்டிலோ சன்னல் இல்லாத குளியலறை. கண்ணாடிக்குப் பின்னால் மூடிய அலமாரி. காலையில் நனைந்த உரோமம் மறுநாள் காலை வரை காய்வதே இல்லை.

நம் நாட்டுக் காற்றில் மாதச் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு. பூஞ்சை வளர இது தாராளம். தீபகற்பத்தில் மழை குறைவான வட்டாரம் என்று பெயர் பெற்ற ஜெலுபுவில் இருப்பவர்கள்கூடத் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது. மூடிய குளியலறைக்குள் மழைக் கணக்கு செல்லாது. பூஞ்சைக்குத் தீனி, உரோமத்தின் அடியில் தங்கும் சவர்க்காரம், முகத்து எண்ணெய், உதிர்ந்த தோல் துகள் ஆகியவை. மேலே அலசிவிட்டு அடியை விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

சுத்தம் செய்வதை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் அணியலாம், அல்லது வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். காய்ந்த பூஞ்சையைத் தட்டி உதறக் கூடாது. முதலில் நனைக்க வேண்டும்.

ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டு விட்டு, தூரிகையை இரண்டு நிமிடம் மெல்லச் சுழற்ற வேண்டும். விரல்களை உரோமத்துக்குள் விட்டு அடிவரை தேய்த்து, நுரை போய் நீர் தெளியும்வரை அலச வேண்டும். அதன் பிறகு, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, உரோமம் மட்டும் மூழ்கும்படி ஐந்து முதல் பத்து நிமிடம். கைப்பிடி நனையக் கூடாது. மீண்டும் நன்றாக அலசி, பிழிந்து, உதறி, துண்டில் முன்னும் பின்னுமாகத் துடைத்து, காற்றில் முழுதாகக் காயவிட வேண்டும். முழுதாக என்றால் ஒரு நாளாவது ஆகும். தொட்டுப் பார்த்தால் நுனி காய்ந்திருக்கும், அடி ஈரமாகவே இருக்கும்.

கொதிநீர் வேண்டாம். உரோமத்தைப் பிடித்திருக்கும் பசை இளகும், மரக் கைப்பிடி வெடிக்கும். குளோரோக்ஸ் அதைவிட மோசம். தரையின் பூஞ்சையைப் போக்கும் அந்தத் திரவம் உரோமத்தின் புரதத்தையே கரைத்துவிடும். வினிகருடன் அதைக் கலந்தால் குளோரின் நச்சு வாயு கிளம்பும். குளியலறைக்குள் அந்தச் சோதனை கூடவே கூடாது.

இரண்டு முறை கழுவியும் கரும்புள்ளி போகவில்லை, வாடை தீரவில்லை, உரோமம் கொத்தாகக் கழன்று வருகிறது, கைப்பிடி பிளந்துவிட்டது என்றால் அந்தத் தூரிகையை விட்டுவிட வேண்டியதுதான். நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், முகத்தில் வைக்க வேண்டாம். குளியலறைப் பூஞ்சை வேறு, தோலில் வரும் படர்தாமரை வேறு. ஆனால் காயாத தூரிகை கிருமிகளுக்கு நல்ல இடம். பிளேடு கீறிய தோலில் அதைத் தேய்த்தால் மயிர்க்கால்கள் பழுக்க வாய்ப்புண்டு. நீரிழிவு உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. தாடைப் புண் ஆறாமல் நீடித்தால் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போவதே சரி.

மிகப் பழைய தூரிகைகளுக்கு வேறொரு கதை உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களும் பொதுமக்களுமாக 200க்கும் மேற்பட்டோருக்குச் சவரத் தூரிகை வழியாக ஆந்த்ராக்ஸ் வந்தது. அன்று விலை உயர்ந்தது, பேட்ஜர் எனும் வளைக்கரடியின் உரோமம். போரால் அது கிடைப்பது அரிதாகவே, குதிரை உரோமத்துக்குச் சாயமேற்றி அதுபோலவே செய்து விற்றார்கள். கிருமி நீக்காத உரோமமும் அதில் கலந்துவிட்டது. ஜப்பானில் செய்த சவரத் தூரிகைகளை இறக்குமதி செய்ய 1920இல் பிரிட்டன் தடை விதித்தது.

ஆந்த்ராக்ஸ் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வினிகரோ வெயிலோ அவற்றை ஒன்றும் செய்யாது. இன்று ஆபத்து மிக மிகக் குறைவுதான். ஆனாலும் தோட்டத்துரை பங்களாச் சாமான்களிலோ பழம்பொருள் கடையிலோ 1930க்கு முற்பட்ட தூரிகை கிடைத்தால் அதைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் எந்த உரோமம் என்று கேட்டு வாங்குவது நல்லது. விலை குறைந்தவற்றில் பல பன்றி உரோமத்தால் ஆனவை. பன்றி, நாய் உறுப்புகளால் ஆன பொருள்களில் அதைக் குறிப்பிட்டுத் தனியே வைத்து விற்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் வணிக விவர ஆணை. 2017 பிப்ரவரியில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பெயிண்ட் பிரஷ்கள் பறிமுதல் செய்யப்பட்டது இந்த ஆணையின் கீழ்தான். ஈரம் சீக்கிரம் காய வேண்டும் என்பவர்களுக்குச் செயற்கை இழைத் தூரிகை வசதி. பூஞ்சை அதிலும் வரும், ஆனால் காய்வது எளிது.

தலைகீழாகத் தொங்கவிடுவதா, நிமிர்த்தி வைப்பதா என்ற வாதம் பல காலமாக நடக்கிறது. எப்படி வைத்தாலும் காற்றுப் பட வேண்டும் என்பதே முக்கியம். மரக் கைப்பிடி என்றால் மட்டும் தொங்கவிடுவது மேல், நீர் அடியில் இறங்காது. மழித்து முடிந்ததும் அடிவரை அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே சன்னலோரம் மாட்டினால் பாதி வேலை முடிந்தது. காலை இளவெயில் சிறிது நேரம் படலாம். உச்சிவெயிலில் உரோமம் மொரமொரப்பாகி ஒடியும். தினமும் மழிப்பவர்கள் இரண்டு தூரிகை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்று காய ஒரு முழு நாள் கிடைக்கும்.

வெளியூர்ப் பயணத்தில் ஈரத் தூரிகையைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்காமல் துணியில் சுற்றி எடுத்துச் செல்லலாம். பல மாதம் எடுத்து வைப்பதென்றால், எலும்புபோல் காய்ந்த பிறகு, மருந்து டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு வைக்க வேண்டும். உரோமம் தின்னும் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போட வேண்டாம். அந்த நெடி முகத்துக்கு ஆகாது. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தை வீட்டில் இருந்தால் பாச்சை உருண்டையே வீட்டுக்குள் இருக்கக் கூடாது.