கோவை மோட்டாரும் பட்டறை நுட்பமும்

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, அதன் மின்சாரம் சமவெளிக்கு இறங்கியபோது, கோவைப் பஞ்சாலைகளும், எருது பூட்டிக் கவலை இறைத்துவந்த கொங்கு நாட்டுத் தோட்டங்களும் மின்மோட்டாரை நாடின. அதுவரை இறக்குமதிப் பொருளாக இருந்த மோட்டாரை 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே செய்தனர். இந்தியாவில் உருவான முதல் மோட்டாராக அது கருதப்படுகிறது. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்துத் தேர்ந்த பட்டறைகளும் வார்ப்பாலைகளும் முன்பே இருந்ததால் இத்தொழில் இங்கு வேரூன்றியது.

ஆயினும் மோட்டாரின் தரம் வரைபடத்தோடு முடிவதில்லை. நிலையான பகுதியாகிய ஸ்டேட்டர், பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடுகளை அச்சில் வெட்டி அடுக்கிச் செய்யப்படுவது. தகடுகளில் தானாகச் சுழன்று வெப்பமாக வீணாகும் சுழிப்பு மின்னோட்டத்தை மட்டுப்படுத்தவே அவை பூச்சிட்டுத் தனித்தனியாக வைக்கப்படுகின்றன. அச்சு மழுங்கி விளிம்பில் பிசிறு எழுந்தால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள, அந்தத் தடுப்பே பயனற்றுப்போகிறது. சுழலும் பகுதியாகிய ரோட்டரில் வார்க்கப்படும் அலுமினியத்தில் காற்றுக்குமிழி தங்கினால் மின்தடை கூடி, வேகம் குறைந்து சூடேறுகிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள மயிரிழை இடைவெளி ஒருபுறம் சாய்ந்தால் இரைச்சலும் பேரிங் தேய்மானமும் தொடர்கின்றன.

கொங்கு நாட்டில் இக்குறைகள் மற்ற இடங்களைவிடக் கடுமையாகத் தண்டித்தன என்றே சொல்ல வேண்டும். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், கிராமத்துக் கம்பியின் கடைக்கோடியில் அழுத்தம் 20 விழுக்காடு சரிந்தால் விசை 64 விழுக்காடாகக் குறைகிறது. செய்நேர்த்தியற்ற மோட்டார் அந்நிலையில் கருகிவிடும். நிலத்தடி நீர் இறங்கி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் வந்த, உள்ளே நீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரிலோ, கம்பி சுற்றும் கையின் கவனமே ஆயுளைத் தீர்மானித்தது. நெகிழி உறையில் விழும் ஒரு கீறல் வழியாக நீர் புகுந்தால் மோட்டாரைக் கிணற்றிலிருந்து மேலே தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இச்சோதனைகளைத் தாங்கும்படி கற்றுக்கொண்டதே கோவைத் தொழிலாளரின் உண்மையான சாதனை.

அந்த உழைப்பு மறுசுற்றுக் கடையில் எளிதில் அழிந்துவிடுகிறது. பழைய கம்பியை எடுக்க ஸ்டேட்டரைத் தீயில் வாட்டினால் தகட்டுப் பூச்சு கருகி, எத்தனை நல்ல செம்பைச் சுற்றினாலும் மின்செலவு கூடும். ஆதலால் மோட்டாரை மறுசுற்றுக்குக் கொடுக்கும் விவசாயிகள் தீ வைக்காமல் கம்பியைப் பிரிக்கும்படி வற்புறுத்திக் கேட்க வேண்டும்.